முயல் மோப்ப நாய்க்குட்டி: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

சிங்கப்பூரில் முயல் வேட்டை கிடையாது. பூங்காவில் எப்போதாவது கண்ணில் படும் முயல், யாரோ கொண்டுவந்து விட்ட வீட்டு முயல்தான். வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் எந்தக் காட்டு விலங்கைப் பிடிப்பதும் கொல்வதும் இங்கே குற்றம். தமிழ்நாட்டிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை தடைதான். ஆனால் முயலுக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த நாய்கள் இங்கே நம் வீட்டு சோபாவில் படுத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றான பீகிளை வாங்கியவர்கள் "எவ்வளவு கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேங்குது" என்று புலம்புவார்கள். தரையில் இருக்கும் வாசனையைப் பிடித்து, மனிதன் கத்துவதைக் கண்டுகொள்ளாமல், மணிக்கணக்கில் தொடர வேண்டும் என்றுதான் அதை உருவாக்கினார்கள். அது தன் வேலையைத்தான் செய்கிறது.

முயல் இல்லாமலேயே அந்த வேலையைக் கொடுக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004 சட்டம் காட்டு முயலை நாய்க்கூட்டத்தோடு வேட்டையாடுவதைத் தடை செய்த பிறகு, பீகிள் கூட்டங்கள் வாசனைப் பொருளை இழுத்துப் போட்ட தடத்துக்கு மாறின. அதையே நாம் சிறிய அளவில் செய்கிறோம். அமெரிக்காவில் பீகிள் வைத்து முயல் பிடிப்பவர்கள் சொல்லும் குறைகள் அத்தனையும், பின்னோக்கி ஓடுவது, சும்மா கத்துவது, திருப்பத்தைத் தாண்டிப் போவது எல்லாமே, இந்தச் செயற்கைத் தடத்திலும் அப்படியே வரும். என் அனுபவத்தில் முதலில் தடத்தைப் பாருங்கள், அப்புறம் காற்றையும் நேரத்தையும், அப்புறம் கயிறு பிடித்த உங்கள் கையை. நாயைச் சந்தேகப்படுவது கடைசியில்.

தடம் போடும் விதம்

வீட்டில் முயல் வளர்க்கும் நண்பரிடம் கூண்டில் விரித்திருந்த பழைய வைக்கோலைக் கேளுங்கள். எப்படியும் குப்பைக்குப் போகிறது, சந்தோஷமாகக் கொடுப்பார். முயலை மட்டும் கேட்காதீர்கள். நாயைப் பக்கத்தில் பார்த்த பயத்திலேயே முயல் செத்துப் போவதுண்டு, "சும்மா மோந்து பார்க்கட்டும்" என்ற ஆசையெல்லாம் வேண்டாம். வைக்கோலை ஒரு பழைய காலுறையில் திணித்து முடிச்சுப் போட்டு, இரண்டு மீட்டர் கயிற்றில் கட்டினால் இழுக்கும் பை தயார். நாய்க்கு ஒரு ஹார்னெஸ், பத்து மீட்டர் நீளக் கயிறு, மூடியுள்ள டப்பாவில் வேகவைத்த கோழித் துண்டுகள், அரை டஜன் துணிக் கிளிப். இவ்வளவுதான் முதலீடு. பையைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தால் அதுதான் தடம். அதன் முடிவில் கோழி டப்பாவை வையுங்கள்.

இடம்: பேட்டைக்கு நடுவே இருக்கும் வெறும் புல்திடல் போதும். பொது இடத்தில் நாய் எப்போதும் கயிற்றில் இருக்க வேண்டும் என்பது சட்டம், நீளக் கயிறு அதற்கும் பொருந்தும். புக்கிட் தீமா, சுங்கை பூலோ போன்ற இயற்கை வனப்பகுதிகளுக்குள் நாயைக் கொண்டுபோகக் கூடாது. பீஷான், வெஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் இருக்கும் நாய் ஓடுமிடங்கள் ஓடி விளையாட நல்லவை, தடத்துக்கு உதவாது. அங்கே நூறு நாய்களின் வாசனை கிடக்கும்.

காலையில் வெயில் ஏறும் முன், புல் ஈரமாக இருக்கும்போது தொடங்குங்கள். ஈரத்தில் வாசனை தங்கும். மதியம் காய்ந்த புல்லிலும் சிமெண்டுத் தரையிலும் சீக்கிரம் போய்விடும்.

இன்னும் குட்டி எடுக்கவில்லையா?

முதலில் வீட்டைப் பாருங்கள், அப்புறம் நாயை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் பீகிள் இல்லை. இது தெரியாமல் குட்டியைக் கொண்டுவந்து, பிறகு யாரிடம் தள்ளிவிடலாம் என்று தவிக்கிறவர்கள் உண்டு. அபராதம் 4,000 வெள்ளி வரை போகும். தரைவீடோ கண்டோவோ இருந்தால் பீகிள் எடுக்கலாம், ஆனால் கண்டோ நிர்வாகத்தின் விதிகளையும் ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

வீவக வீட்டில் மூக்கு நாய் வேண்டுமென்றால் என் முதல் தேர்வு டாக்ஸ்ஹுண்ட். பட்டியலில் இருக்கிறது. ஜெர்மனியில் இதன் மூன்று அளவுகளில் மிகச் சிறியதை முயல் வளைக்குள் நுழைவதற்கென்றே வளர்த்தார்கள். காயம்பட்ட மானின் ரத்தத் தடத்தைத் தேட இன்றும் ஐரோப்பாவில் இதைத்தான் நம்புகிறார்கள். முதுகெலும்புதான் பலவீனம், படிக்கட்டில் குதிக்க விடக்கூடாது. ஜாக் ரஸ்ஸலும் பட்டியலில் உண்டு, ஆனால் அது பொறுமையாகத் தடம் பிடிப்பதைவிட ஓடுவதைத் துரத்தவே விரும்பும். கலப்பின நாய்களை வீவக வீட்டில் வளர்க்க விடும் அடோர் திட்டத்தில் தத்தெடுக்கும் சிங்கப்பூர் ஸ்பெஷல் நாட்டு நாய்களில் அருமையான மூக்குள்ளவை உண்டு. எது என்று பார்த்தால்தான் தெரியும்.

ஊர் நினைப்பில் "கன்னி, சிப்பிப்பாறை கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். வெட்டவெளியில் முயல் எழும்பியதும் பாய்ந்து பிடிப்பது அவற்றின் வேலை. தரையில் மூக்கை வைத்து அரை மணி நேரம் நடக்கச் சொன்னால் சலித்துவிடும். இந்தக் கட்டுரையில் சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.

குட்டிகளைப் பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு கோழித் துண்டு இருக்கட்டும். குட்டிகள் பார்க்காதபோது அதைப் புல்லில் இரண்டு மூன்று மீட்டர் இழுத்து, கடைசியில் ஒரு செடிக்குப் பின்னால் வையுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக விடுங்கள். சில குட்டிகள் தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்கும். சில ஓடிப் போய் காலைக் கடிக்கும். ஒன்று மட்டும் தடத்தைக் கடந்ததும் சட்டென்று நின்று, உடம்பை வளைத்துத் திரும்பி, மூக்கை இறக்கும். மற்ற எல்லாம் சரியாக இருந்தால் அதை எடுங்கள். "மற்ற எல்லாம்" என்றால்: சாவிக்கொத்தைக் கீழே போட்டதும் திடுக்கிட்டு, பிறகு வந்து மோந்து பார்க்க வேண்டும். மூலையில் ஒடுங்கி வெளியே வரவே மறுக்கும் குட்டி, எவ்வளவு நல்ல மூக்கு இருந்தாலும், இந்த நெரிசலான ஊரில் கஷ்டப்படும். தாயைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

தடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை

மூன்று மாதக் குட்டி தடத்தில் நின்று பட்டாம்பூச்சியைப் பார்த்தால் கோளாறு எதுவும் இல்லை. தடுப்பூசி முடியும் வரை திடலில் இறக்காமல் வீட்டுக்குள் கோழித் துண்டை இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். முயல் வாசனைத் தடத்தை நான்கைந்து மாதத்தில் தொடங்கினால் போதும். அந்தச் சமயத்தில் பல் விழுந்து முளைக்கும், சில நாள் மூக்கே வேலை செய்யாதது போல் இருக்கும். விட்டுப் பிடியுங்கள்.

பெரிய குட்டியாக இருந்தால் தடம் மிகப் பழையதாகவோ மிக நீளமாகவோ இருக்கலாம். இருபது மீட்டர் நேர்கோடு, போட்ட உடனே. முதல் மூன்று அடிக்குக் கோழித் துணுக்குகளைத் தூவி வையுங்கள். வாசனை சம்பளம் தரும் என்று அதற்குப் புரிய வேண்டும். அதற்கு முன் சாப்பாடு கொடுக்காதீர்கள், பசியுள்ள பீகிளுக்கு இணையான மாணவன் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும், நேற்று வரை ஆர்வமாக ஓடிய நாய் இன்று திடீரென்று சோர்ந்து நின்றால் பயிற்சியை நிறுத்துங்கள். ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருக்கிறதா? சாப்பாடு குறைந்திருக்கிறதா, மூக்கில் ரத்தம், சிறுநீர் கருத்து வருகிறதா? புல்லில் வேலை செய்யும் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் இங்கே சகஜம். அன்றே மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை. "சோம்பல்" என்று நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

முயலை விட்டுவிட்டு என் காலடியைத் தொடர்கிறது

இது அடிக்கடி வரும், பலருக்குத் தெரியாமலே நடக்கும். நாய் பிரமாதமாகத் தடம் பிடிக்கிறது என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். அது பிடிப்பதோ உங்கள் செருப்பு வாசனையை. கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டு மீட்டர் மூங்கில் கழி ஒன்றின் நுனியில் பையைத் தொங்கவிட்டு, உங்கள் பாதையிலிருந்து ஒதுங்கிப் பை மட்டும் தரையைத் தொடும்படி நடங்கள். இப்போது நாய் எந்தக் கோட்டில் போகிறது என்று பாருங்கள். உங்கள் கோட்டில் என்றால் பிரச்சினை உறுதி.

சரிசெய்ய இரண்டு ஆள் வேண்டும். நீளமான கயிற்றின் நடுவில் பையைக் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இணையாக நடங்கள். பை நடுவில் தரையோடு இழுபடும், காலடி இரண்டு பக்கமும் தள்ளி இருக்கும். ஐரோப்பாவில் டாக்ஸ்ஹுண்ட் பழக்குகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். மச்சானைக் காலை ஆறரை மணிக்கு எழுப்பித் திடலுக்கு இழுத்து வருவதுதான் இதில் கடினமான பகுதி.

தலையைத் தூக்கிக் காற்றில் மோந்து, நேரே டப்பாவுக்கு ஓடுகிறது

காற்று எதிரே வந்தால் கோழி வாசனை நேராக அதன் மூக்குக்கு வரும். பின்னே ஏன் தரையில் தேடப் போகிறது? அது புத்திசாலித்தனம். தடம் போடும் முன் ஒரு பிடி காய்ந்த புல்லைத் தூவிப் பாருங்கள். காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி நடங்கள். அப்போது முடிவில் இருக்கும் டப்பாவின் வாசனை முன்னோக்கிப் போய்விடும், நாய் தரையை நம்பியாக வேண்டும். டப்பா மூடியிருக்கட்டும். பழகிய பிறகு பக்கவாட்டுக் காற்றிலும் போடலாம், அப்போது தடத்துக்கு ஓரமாக, கொஞ்சம் தள்ளி நாய் நடந்தால் திட்டாதீர்கள். வாசனை அங்கேதான் நகர்ந்திருக்கும்.

திருப்பத்தில் தாண்டிப் போய் முழிக்கிறது

இதை நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நல்ல நாயும் சாதாரண நாயும் பிரியும் இடம் இதுதான்.

முயல் நேராக ஓடாது. வட்டமடிக்கும், வந்த வழியே திரும்பி வரும், பக்கவாட்டில் ஒரு தாவு தாவிப் புதருக்குள் அசையாமல் உட்காரும். ஆகவே முயல் நாய்க்குத் தடம் அறுந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரிய வேண்டும். நேர்கோட்டில் மட்டும் ஓடுகிற நாய் பந்தயத்துக்கு வேண்டுமானால் ஆகும்.

முதலில் மெதுவான வளைவு போடுங்கள், பிறகு செங்கோணத் திருப்பம். திருப்பத்தில் ஒரு செடியிலோ புல் நுனியிலோ துணிக் கிளிப் மாட்டுங்கள், உங்களுக்காக. நாய் வேகமாக வந்து அதைத் தாண்டி நான்கு மீட்டர் போகும். அதன் வாலைக் கவனியுங்கள். தடத்தில் இருந்தவரை வெள்ளை நுனி துடித்துக்கொண்டிருந்தது, இப்போது தளர்ந்து நிற்கிறது. அடி சிறியதாகிறது. மூக்கு ஒரு அங்குலம் எழும்புகிறது. கயிற்றில் இருந்த இழுவை உங்கள் விரலில் இல்லாமல் போகிறது. இந்த நொடியில் உங்கள் வேலை: நிற்பது. கயிற்றைச் சுண்டாதீர்கள், திருப்பத்தின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாதீர்கள், "எங்கே? எங்கே?" என்று கேட்காதீர்கள். அது ஒரு சின்ன வட்டம் போடும். கிடைக்காவிட்டால் பெரிய வட்டம். தடத்தைக் குறுக்கே வெட்டிய கணத்தில் வால் மறுபடி உயிர் பெறும், கயிறு விரைப்பாகும். அப்போது நடங்கள். பாராட்டு வேண்டுமென்றால் மெல்லிய குரலில் ஒரே ஒரு "நல்லா இருக்கு".

நாய் ஒவ்வொரு முறையும் தாண்டியே போகிறது என்றால் வேகம் அதிகம். தடத்தைக் கொஞ்சம் பழசாக்குங்கள்: போட்டுவிட்டு பதினைந்து நிமிடம், அப்புறம் அரை மணி, அப்புறம் ஒரு மணி நேரம். பழைய தடத்தில் எந்த நாயும் ஓட முடியாது, நடந்தாக வேண்டும். நாய் திருப்பத்தில் நின்று உங்கள் முகத்தையே பார்த்தால், நீங்கள் அளவுக்கு மேல் உதவியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை உங்களுக்கே தெரியாமல் வேறு யாரையாவது தடம் போடச் சொல்லுங்கள். உங்கள் முகத்தில் விடை இல்லை என்று தெரிந்ததும் அது தரைக்குத் திரும்பும்.

திருப்பங்கள் பழகிய பிறகு இடைவெளி: ஒரு இடத்தில் பையைத் தூக்கி, ஒன்றரை மீட்டர் தள்ளி மறுபடி இறக்குங்கள். முயல் தாவியது போல. அதன் பின் திரும்பி வருதல்: பத்து மீட்டர் போய், அதே தடத்தில் பாதி தூரம் வந்து, பக்கவாட்டில் பிரியுங்கள். இதை ஒரு வயதுக்கு முன் எதிர்பார்க்காதீர்கள்.

பின்னோக்கி ஓடுகிறது

வந்த வழியே திரும்பித் தொடக்கத்துக்கு ஓடுவது. வாசனை ஒவ்வொரு அடிக்கும் பலமாகிறதா பலவீனமாகிறதா என்று நாய் கற்க வேண்டும், அது ஒரே நாளில் வராது. தொடங்கும் இடத்தில் தீனி கொடுக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள், திரும்பி ஓட அதுதான் காரணம். பின்னோக்கிப் போகும்போது கத்தாமல், கயிற்றைப் பூட்டியது போல் நில்லுங்கள். அது சலித்து, திரும்பிச் சரியான பக்கம் இரண்டு அடி வைத்ததும் கயிறு தளரட்டும். நடுவில் குறுக்கே கொண்டுவந்து தொடங்கும் பயிற்சியும் உதவும்: இடமா வலமா என்று அதுவே முடிவு செய்யட்டும், சரியான பக்கம் தேர்ந்தால் பத்து மீட்டருக்குள்ளேயே டப்பா.

சும்மா சும்மா குரல் கொடுக்கிறது, அல்லது கொடுக்கவே இல்லை

பீகிள் தடத்தில் குரல் கொடுப்பது வேட்டைக்காரனுக்குத் தேவை: நாய் எங்கே, முயல் எந்தப் பக்கம் வட்டமடிக்கிறது என்று காதால் அறிவான். வாசனையே இல்லாத இடத்தில் உற்சாகத்தில் கத்தினால் அந்தத் தகவல் கெட்டுப்போகும், ஆகவே வேட்டைக்காரர்களுக்கு அது பெரிய குறை. நமக்கோ எட்டு மாடிக்குக் கேட்கும் என்பது குறை.

காரணம் பெரும்பாலும் நாம்தான். தொடங்கும் முன் "வா, வா, போலாம், போலாம்!" என்று ஏற்றிவிடுகிறோம். இன்னொரு கத்தும் நாயோடு சேர்த்து ஓடவிட்டாலும் தொற்றும். தனியாக, அமைதியாக, பழைய தடத்தில் வேலை கொடுங்கள். தடத்தை விட்டு விலகிக் கத்தினால் அந்த இடத்திலேயே நின்று, வாயை மூடும் வரை நகராதீர்கள்.

குரலே கொடுக்காத குட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். பல குட்டிகள் எட்டு, பத்து மாதத்தில்தான் வாய் திறக்கும், சில திறக்கவே மாட்டா. சிங்கப்பூரில் அது பாக்கியம்.

வீட்டில் தனியாக விட்டால் ஊளையிடுகிறது என்பது வேறு பிரச்சினை. "தம்பி, நீங்க வேலைக்குப் போனதும் உங்க நாய் அழுதுக்கிட்டே இருக்குப்பா" என்று மேல் மாடி அக்கா லிஃப்டில் சொல்லும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. காலையில் கால் மணி நேரத் தடம் அல்லது வீட்டிலேயே பழைய துண்டை மடித்துச் சுருட்டி உள்ளே உணவை ஒளித்துத் தேடவிடுவது, நாயை நன்றாகக் களைப்பாக்கும். அதோடு, தனிமையைச் சில நிமிடங்களிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். காலையில் வேலை கொடுத்தும், தனிமையைப் பழக்கியும், நாள் முழுக்க ஊளையிட்டு, கதவைச் சுரண்டி, எச்சில் ஒழுகினால் அது பதற்றம், மருத்துவரிடம் பேச வேண்டியது.

பூனை, சேவல், உடும்பு பின்னால் போகிறது

அமெரிக்கத் திடல்களில் முயல் நாய் மானைத் துரத்தினால் அதைப் பெருங்குறையாக நினைப்பார்கள். நமக்கு மானுக்குப் பதில் கார் நிறுத்துமிடப் பூனை, புதரிலிருந்து வெளிவரும் காட்டுச் சேவல், கால்வாய் ஓரத்து நீர் உடும்பு. குட்டி ஒரு தடவை சேவலைப் பறக்கவிட்டுப் பார்த்த சுகத்தை மறக்காது. ஆகவே நீளக் கயிற்றை ஒருபோதும் விடாதீர்கள். தூரத்தில் சேவல் தெரியும்போதே, நாய் இன்னும் உங்களைக் கேட்கும் நிலையில் இருக்கும்போதே, "விடு" சொல்லி, திரும்பியதும் கோழித் துண்டு. தினம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். இழுத்துக் கத்திய பிறகு "விடு" சொல்வது வீண்.

வெளிநாட்டில் இதற்கு மின் அதிர்ச்சிக் கழுத்துப்பட்டை போடுகிறவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். வலி வந்த நொடியில் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிப் போன குழந்தையைத்தான் காரணம் என்று நாய் நினைத்துக்கொள்ளும். இந்த ஊரில் யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார்.

நீர்நாய்க் குடும்பம் தெரிந்தால் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு விலகுங்கள். கூட்டமாக இருக்கும்போது அவை குட்டிகளைக் காக்கக் கடிக்கும். தேரையை வாயில் கவ்வி நுரை தள்ளினால் ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

கூப்பிட்டால் வருவதில்லை

வராது. மூக்கு தடத்தில் இருக்கும்போது காது மூடிவிடும். ஆகவே கயிறு. இதற்கு மேல் வேண்டுமானால் ஒரு விசில் ஒலிக்குப் பழக்குங்கள். விசில் அடித்தால் எப்போதும், விதிவிலக்கே இல்லாமல், மிக ருசியான ஏதோ ஒன்று. விசில் அடித்து, வந்ததும் குளிப்பாட்டக் கூட்டிப் போகாதீர்கள்.

நடக்கும்போது கயிற்றை இழுக்கிறதே என்றும் கேட்பார்கள். ஹார்னெஸ் போட்டால் வேலை, கழுத்துப்பட்டை போட்டால் நடை என்று பிரித்துவிடுங்கள். ஒரே உடையில் ஒரு நாள் இழு, மறுநாள் இழுக்காதே என்றால் அதற்கு எப்படிப் புரியும்?

இடி இடித்தால் தடத்தை விட்டு ஓடுகிறது

வேட்டைக்காரர்கள் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படும் நாயை எண்ணி அஞ்சுவார்கள். இங்கே ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இடி இடிக்கும். குட்டி சாப்பிடும்போது கைப்பேசியில் இடிச் சத்தத்தை மிக மெல்லிதாக ஓடவிட்டு, வாரக்கணக்கில் ஒலியைக் கூட்டுங்கள். சாப்பிடுவதை நிறுத்தினால் ஒலி அதிகம், குறையுங்கள். மின்னல் தெரிந்தால் திடலை விட்டு வந்துவிடுங்கள். அது நாய்க்காக மட்டும் சொல்வதில்லை.

நாக்குத் தொங்கி, தள்ளாடுகிறது

பயிற்சிக் கோளாறு என்று நினைத்து நின்றுவிடக் கூடாத இன்னொரு அறிகுறி இது. நாய்க்கு வேர்வை மூலம் சூடு தணியாது, மூச்சிரைப்பால்தான் தணியும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் அந்த வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. வெப்பத் தாக்கம் 30 டிகிரி காலையில்கூட நடக்கும். தடத்தில் இருக்கும் நாய் தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். நாக்கு அகன்று நுனி கரண்டி மாதிரி விரிந்தால் அன்றைய வேலை முடிந்தது. தடுமாற்றம், வாந்தி, ஈறு செங்கல் நிறம் என்றால் உடனே நிழல். குழாய் நீரை வயிறு, தொடை இடுக்கு, கால்கள் மேல் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள், ஈரத் துணியைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 40-ஐத் தாண்டினால் ஆபத்து. ஊற்றிக்கொண்டே டாக்சியைக் கூப்பிடுங்கள், தேறியது போல் தெரிந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

பத்து மாதத்தில் எல்லாம் மறந்துவிட்டது

வாலிப வயது. வீட்டில் இந்த வயதுப் பையன் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருபது மீட்டர் நேர்கோட்டுக்குத் திரும்புங்கள், வாரத்துக்கு இரண்டு தடவை போதும், ஒவ்வொன்றும் வெற்றியில் முடியட்டும். கஷ்டமான தடத்தை வலுக்கட்டாயமாகத் திணித்தால் அது வேலையையே வெறுக்கும்.

தடத்தின் நடுவே தலையைச் சிலுப்புகிறது

ஒரு தடவை என்றால் கொசு. திரும்பத் திரும்ப என்றால் காது. பீகிள், டாக்ஸ்ஹுண்டின் தொங்கும் காதுக்குள் இந்த ஈரத்தில் காளான் தொற்று எளிதாக வரும்: புளித்த வாடை, பழுப்பு அழுக்கு, சிவந்த தோல். மூக்கைத் தரையில் வைக்கும்போது காதும் ஈரப் புல்லில் புரள்கிறது. ஒவ்வொரு தடத்துக்குப் பிறகும் காதைத் தூக்கி உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், விரல் இடுக்குகளில் உண்ணி தேடும்போது இதையும் சேர்த்துச் செய்துவிடலாம். பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். வாடை வந்துவிட்டால் கடைச் சொட்டு மருந்து வேண்டாம், செவிப்பறை சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் எந்த மருந்தும் உள்ளே போக வேண்டும்.